மாணவர் படையணிச் சின்னங்கள்: ஒரு திறனாய்வு நோக்கு

சொல்லாற் கூறவேண்டியதைப் பொருளாற் கூறும் ஆற்றல் மனிதனுக்குப் பண்டே வாய்த்தது. கொடியும் மாலையும் முத்திரையும் மோதிரமும் அவ்வாற்றல் கொண்ட வடிவங்களாம். எழுத்தறியா ஒருவனும் கொடியைக் கண்ட அளவில் இஃது இன்னாரது என்று உணர்வான். ஆதலின், சின்னம் என்பது ஒருவகை எழுத்தேயாம். எழுத்தாயின் அது வாசிக்கப்படல் வேண்டும். வாசிக்கப்படுமாயின் அதன் குணங்குற்றங்களை ஆராய்தலும் பொருந்தும். செய்யுளொன்றை நோக்குமாப்போலத் தொப்பிச் சின்னமொன்றையும் நோக்குதல் ஆகுமோ என்று ஐயுறுவார் உளர். ஆகும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயின இரு சிறு நிகழ்ச்சிகள். புங்குடுதீவு இறுப்பிட்டியிலே ஒரு மாலைப்பொழுதில், பட்டினத்துக் கல்லூரியொன்றிற் பயிலும் மாணவனொருவன் கடேற் உடையுடன் பேருந்தினின்றும் இறங்கி வந்தான். முன்னர் என்னிடம் பயின்றவன். அவனது தொப்பியிலே பித்தளைச் சின்னமொன்று வெயிலில் ஒளிர்ந்தது. “அதிலே பொறித்திருப்பது யாது?” என்று வினாவினேன். அவன் தொப்பியைக் கழற்றி ஒருமுறை பார்த்துவிட்டு, “பித்தளை சேர், ஒவ்வொரு நாளும் மினுக்கவேணும்” என்றான். சின்னத்தைத் துலக்கும் முறை அறிந்தவன் அதன் பொருளை அறிந்திலன். அப்பால் அவன் தன் வீட்டை அணுகியபோது, அவ்வுடையைத் தூரத்தே கண்ட அவனுடைய அம்மம்மா, வருபவன் தன் பேரன் என்று அறியாமுன்னரே படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். மூன்று தசாப்தப் போரைக் கண்ட மண்ணிலே அச்செயலை எவரும் குறைகூறார்.

ஒருவன் மினுக்கினான்; ஒருவர் அஞ்சினார். இவ்விருவருக்கும் இடையே வாசித்தல் என்னும் ஒன்று நிகழாது போயிற்று. அக்குறையை நிரப்ப முயல்வதே ஈண்டு எமது நோக்கம்.

படைக்குரிய சின்னங்கள் மூன்று தொழில்களைச் செய்வன. அடையாளங் காட்டுதல் ஒன்று. தரங் காட்டுதல் ஒன்று. நினைவு காத்தல் ஒன்று. இம்மூன்றும் மேனாட்டார் எமக்குக் கற்பித்தவை என்று கருதுதல் பிழை. தொல்காப்பியர் புறத்திணையியலிலே, பனம்பூவும் வேப்பம்பூவும் ஆத்திப்பூவும் மூவேந்தர்தம் படையினர் சூடியவை என்றும், பெரும்பகையிடையே இன்ன வேந்தன் பக்கத்தவன் இவன் என்று தெரிதற்பொருட்டு அவை சூடப்பட்டன என்றும் உரைத்தனர். சேரற்குப் பனை, பாண்டியற்கு வேம்பு, சோழற்கு ஆத்தி என்பது யாவரும் அறிந்ததே. இஃது அடையாளத்தின்பாற்பட்டது. படைத்தலைவனுக்கு ஏனாதி என்னும் பட்டமும் அதற்குரிய மோதிரமும் வேந்தன் அளித்தான் என்பது தரத்தின்பாற்பட்டது. களத்தில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதிற் பெயரும் பீடும் எழுதி வழிபட்டமை நினைவின்பாற்பட்டது. பூ ஒரு பகலில் வாடும். மோதிரம் ஒருவன் வாழ்நாள் அளவும் நிற்கும். கல் பல தலைமுறை நிற்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஏற்ற பொருளைத் தெரிந்த நம் முன்னோரின் நுண்மை வியக்கத்தக்கது. களத்திற் பகைவனைப் பிரித்தறிதற்குச் சூடிய அடையாளத்தை அவர்கள் வாடும் பொருளால் அமைத்தனர் என்பதைக் கற்போர் உளத்திற் கொள்ளல் வேண்டும்.

இனி, மாணவர் தாமே படைமுறையிற் கூடியமைத்த சங்கங்கள் சிலவற்றின் சின்னங்களை ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டின் நெபிராஸ்காப் பல்கலைக்கழகத்திலே 1891 ஆம் ஆண்டு முதல் 1895 ஆம் ஆண்டு வரை படைக்கலைப் போதகராக இருந்தவர் யோன் பேர்சிங் என்னும் இளந்தளபதி. பிற்காலத்தில் முதலாம் உலகப் பெரும்போரிலே ஐரோப்பாவிற்குச் சென்ற அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியவர் இவரே. இவர் பயிற்றிய மாணவர் அணி 1892 இல் ஒமாகா நகரில் நிகழ்ந்த அணிநடைப் போட்டியிற் பரிசு பெற்றது. அவ்வூக்கத்தால் மாணவர் 1894 இல் ஒரு சங்கம் அமைத்தனர். மறுவருடம் ஆசிரியர் பிரிந்து சென்றபோது அச்சங்கத்திற்கு அவர் பெயரையே சூட்டி, ‘பேர்சிங் றைபிள்ஸ்’ என்றனர். அவரிடம் அவர்கள் கேட்டுப் பெற்ற பொருள், அவர் அணிந்த குதிரைப்படைக் காற்சட்டை. அதனைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொருவரும் தத்தம் உடையிற் சின்னமாகத் தைத்துக்கொண்டனர் என்பது அச்சங்கத்தார் போற்றும் வரலாறு. அச்சங்கம் பின்னர் அந்நாட்டின் பல பல்கலைக்கழகங்களிலும் கிளைத்தது.

கேட்போர்க்கு நகை விளைக்கும் இவ்வரலாற்றை இகழ்ந்துவிடுதல் தகாது. கடையில் வாங்கிய பட்டுநாடா எத்துணை அழகியதாயினும், ஆசிரியர் உழைத்து வியர்த்த ஆடையின் துண்டு உணர்த்துவதை அஃது உணர்த்தாது. மாணவர் உள்ளத்திலிருந்து எழுந்த சின்னம் இது. மேலிடத்திலிருந்து இறங்கிவந்த சின்னமன்று. இஃது இதன் குணம். குற்றமும் ஒன்று உண்டு. கொள்கையைப் பற்றாது ஒரு தனியாளைப் பற்றிய சின்னம், அவ்வாளைக் கண்டவர் மறைந்தபின் வெறுந்துணியாகிவிடும். துணி எல்லாத் தலைமுறைக்கும் போதாது. எஞ்சுவது பெயரும் சடங்குமே. ஆளைப் போற்றும் சின்னத்தைச் சூடுவோன், அவ்வாள் யாது செய்தார் என்பதை மறவாது கற்றாலன்றி, அவன் பற்று குருட்டுப் பற்றேயாகும்.

அணிநடைச் சங்கத்தார் தோளில் அணியும் பின்னற்கயிற்றைக் குறித்து ஐரோப்பாவிலே ஒரு கர்ணபரம்பரைக் கதை வழங்குகின்றது. அல்வாக் கோமகன், களத்தினின்றும் ஓடிய ஒரு படைப்பிரிவினரைத் தூக்கிலிடுவேன் என்று சினந்தானாம். அவர்கள் அடுத்த போரிலே தூக்குக்கயிற்றையும் ஆணியையும் தாமே தோளிற் சுமந்துகொண்டு சென்று, மாற்றார் அஞ்சப் பொருதனராம். இகழ்ச்சிக்குரிய கயிறு அன்றுமுதற் புகழ்ச்சிக்குரிய கயிறாயிற்று என்பர். கதை மெய்யாயினும் பொய்யாயினும் கருத்து மெய்யே. சின்னத்தின் பொருள் அதன் பொருளுருவிலே தங்கியிருப்பதன்று. அணிவோன் செயலால் ஒவ்வொரு நாளும் புதிதாக எழுதப்படுவது. கயிறு உயர்ந்தது செயலால். செயல் தாழின் அக்கயிறு மீண்டும் தூக்குக்கயிறேயாகும்.

இவ்வுண்மைக்கு ஜேர்மனிய நாட்டு வரலாறு பெருஞ்சான்று. 1813 ஆம் ஆண்டிலே நெப்போலியனை எதிர்த்து எழுந்த லுற்சோவின் தொண்டர்படையில் மாணவர் பலர் சேர்ந்தனர். தாம்தாம் கொண்டுவந்த பல்வேறு நிற ஆடைகளை ஒருநிறமாக்கக் கருஞ்சாயமே இயன்றது. கருநிற ஆடையும் செந்நிற ஓரமும் பொன்னிறப் பித்தளைப் பொத்தானும் அவர்தம் கோலம் ஆயின. வறுமை வகுத்த அணி அது. போர் முடிந்தபின் 1815 இல் ஜீனா நகரிலே மாணவர் சங்கம் அமைத்தோர் அந்நிறங்களையே தம் சின்னத்துக்குக் கொண்டனர். அதனின்றும் வளர்ந்தது கறுப்பு, சிவப்பு, பொன் என்னும் மூவண்ணக்கொடி. 1848 இலும் 1919 இலும் 1949 இலும் அஃது ஜேர்மனிய மக்களின் கொடியாக ஏற்கப்பட்டது. மாணவரின் சாயம் போன சட்டையிலிருந்து ஒரு நாட்டின் கொடி பிறந்தது என்பதில் மிகை இல்லை.

ஆயினும் அவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நோக்குதல் கடன். அதே மாணவர் 1817 இல் வார்ட்பேர்க் கோட்டையிற் கூடியபோது, தமக்கு உடன்பாடில்லாத நூல்களின் பெயர் எழுதிய பொதிகளை எரியிலிட்டனர். விடுதலையின் சின்னம் அணிந்த கைகளே நூலுக்கு எரியூட்டும் செயலையும் பழகின. நூற்றாண்டு கழிந்து 1933 இல் ஆட்சிக்கு வந்தோர் அம்மூவண்ணத்தை அகற்றினர். பழைய மாணவர் சங்கங்களையும் நாளடைவிற் கலைத்தனர். இளைஞர் யாவரும் ஒரே உடையும் ஒரே சின்னமும் தாங்கவேண்டும் என்று சட்டத்தாற் கட்டாயஞ் செய்தனர். அதன் முடிவை 1945 ஆம் ஆண்டிலே உலகம் கண்டது. போரின் இறுதி நாட்களிற் சிறுவர் கையிலும் ஆயுதங் கொடுக்கப்பட்டது.

இவற்றை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலனாகும். 1813 ஆம் ஆண்டின் மாணவன் தானே விரும்பிச் சின்னத்தை அணிந்தான். வேண்டாதபோது கழற்றவும் வல்லனாயிருந்தான். 1930களின் சிறுவனுக்குக் கழற்றும் உரிமை இல்லை. கழற்ற முடியாத சின்னம் விலங்கு எனப்படும். அது பொன்னாற் செய்யப்படினும் விலங்கே. மாணவர் சின்னங்களின் தகுதியை அளத்தற்கு இதனினும் சிறந்த உரைகல் வேறில்லை. இவ்வுரைகல்லை அயல்நாட்டார்க்கு மட்டும் பயன்படுத்துதல் நேர்மையன்று. நம் மண்ணிலும் சிறுவர் தாம் விரும்பியும் விரும்பாமலும் சின்னந் தாங்கிச் சென்று மீளாத காலம் ஒன்று இருந்தது. அதனை மறந்து இப்பொருளைப் பேசுவோன் ஆசிரியன் என்னும் பெயர்க்கு உரியனல்லன்.

இனி எமது நாட்டையும் அயலையும் நோக்குவாம். இலங்கையிலே மாணவர் படைப்பயிற்சி 1881 ஆம் ஆண்டிற் கொழும்பு ரோயல் கல்லூரியிலே தொடங்கியது. பிரித்தானியர் அமைத்த தொண்டர் காலாட்படையின் சார்பாக அமைந்தமையின் அதன் அணியும் ஆணையும் பிரித்தானிய மரபையே தழுவின. முடியாட்சிக்குரிய சின்னங்கள் 1972 இல் இலங்கை குடியரசாகியபின் விலகின. பின்னாளில் அது தேசிய மாணவர் படையணி என்னும் பெயர் பெற்றது. சிறந்த அணிக்கு வழங்கப்படும் ஹேர்மன் லூஸ் கேடயம் கல்லூரிகளிடையே பெரிதும் மதிக்கப்படுவது.

இந்தியாவிலே தேசிய மாணவர் படை 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. 1954 இல் ஏற்பட்ட அதன் கொடியில் மூன்று நிறங்கள் உள. செம்மை தரைப்படையையும், கருநீலம் கடற்படையையும், வெளிர்நீலம் வான்படையையும் குறிப்பன. நடுவே படையின் பெயரெழுத்துக்களைத் தாமரை மாலை சூழ்ந்திருக்கும். அத்தாமரைகள் 17, மாநில ஆணையகங்களின் தொகையைக் குறிப்பன என்ப. ஒற்றுமையும் ஒழுக்கமும் அதன் குறிக்கோளுரை.

இக்கொடியைத் திறனாயுங்கால் நிறங்களின் தெரிவு பாராட்டுக்குரியது. நிலமும் நீரும் வானும் ஒரே துணியில் அடங்கியமை ஒற்றுமை என்னும் கருத்திற்கு நல்ல உருவம். ஆயின், தாமரையின் எண்ணிக்கைக்குப் பொருள் கூறுதல் அத்துணைச் சிறப்பினதன்று. காட்சியால் உணர்த்தவேண்டியதைக் கணக்கால் உணர்த்துவது சின்னத்தின் இயல்புக்கு மாறானது. தாமரையைக் காண்போன் தூய்மையை நினைப்பான். எண்ணிப் பார்த்துப் பதினேழு என்று காண்பவன் அரிது. உரை சொல்லாவிடின் விளங்காத உவமை செய்யுளிற் குற்றமாவதுபோலச் சின்னத்திலும் அது குற்றமேயாம்.

மேலிருந்து சுமத்தப்பட்ட அடையாளம் வேரூன்றுமோ என்பதற்குத் தீவகத்தாராகிய எமக்கு அண்மையிலேயே சான்றுண்டு. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை எமது தீவுகளுக்கு இட்டனர். நெடுந்தீவு டெல்ஃப்ற் ஆயிற்று. வேலணை லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. எமது புங்குடுதீவு மிடில்பேர்க் ஆயிற்று. இன்று டெல்ஃப்ற் என்னும் பெயர் ஒன்றே வழக்கிற் பெரிதும் நின்றது. மிடில்பேர்க் என்று இறுப்பிட்டியிற் கூறின் மறுமொழி சொல்வார் எவருமிலர். ஆரியச்சக்கரவர்த்திகள் தம் நாணயங்களிற் பொறித்த நந்தியும் ‘சேது’ என்னும் சொல்லுமோ, அவரது அரசு 1619 இல் முடிவுற்றபின்னரும் பொருள் விளங்கி நிற்கின்றன. எழுதியது ஒரு சொல்லே. அஃது இம்மக்கள் கடலையும் கோயிலையும் அறிந்த சொல். மக்கள் வாழ்வில் வேர்கொண்ட சின்னம் அரசு அழிந்தும் அழியாது. வேர்கொள்ளாதது அரசு இருக்கும்போதே வெளிறும்.

இத்துணையும் சின்னத்தின் தோற்றமும் வேரும் பற்றிக் கூறினோம். அதன் பயன் யாது என்பதற்குப் புறநானூற்றினும் சிறந்த திறனாய்வு நூல் எமக்கு வேண்டுவதில்லை. இரு பாடல்களை நினைவூட்டுதல் அமையும்.

தொண்டைமானுடைய படைக்கலக் கொட்டிலுக்குத் தூது சென்ற ஔவையார், மயிற்பீலி அணிந்து மாலை சூட்டி நெய் பூசப்பட்ட அவனுடைய வேல்களைக் கண்டு புகழ்வார்போல் தொடங்குகின்றார். அதியமானுடைய வேல்களோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்று முடிக்கின்றார். துலக்கமும் அணியும் தொழிலின்மைக்குச் சான்றாகலாம் என்பது அப்பாடலின் உட்பொருள். தொப்பிச் சின்னத்தை மினுக்கும் மாணவன் முதலிற் கற்கவேண்டிய பாட்டு இதுவே.

மற்றையது கோவூர்கிழார் பாடியது. உறையூரை முற்றிய நலங்கிள்ளிக்கும், உள்ளே அடைத்திருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையிலே நின்று அப்புலவர் சூடிய பூவைச் சுட்டுகின்றார். உன்னோடு பொருபவன் பனையும் சூடிலன், வேம்பும் சூடிலன். நின் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. எவர் தோற்பினும் தோற்பது உம் குடியே என்பது அவர் கூற்றின் கருத்து. பகைவனைப் பிரித்தறிதற்பொருட்டு வகுத்த சின்னத்தை, உறவினனை உணர்த்துதற்பொருட்டுப் புலவர் திருப்பி வாசித்தார். வேந்தர் இருவரும் நாள்தோறும் சூடிய பூவே அது. அதனை வாசிக்க வல்லவர் புலவர் ஒருவரே. சின்னத்தை அணிதல் வேறு, வாசித்தல் வேறு என்று யாம் முன்னர்க் கூறியதன் முழுப்பொருளும் இங்கு விளங்கும். அணிந்தவர் போரை எழுப்பினர். வாசித்தவர் போரைத் தடுக்க முயன்றார்.

இவ்விடத்தே ஒரு தடை எழும். இத்துணைத் துயர்க்குப்பின் மாணவர்க்குப் படைமுறைச் சின்னமே வேண்டா, அணிநடையும் வேண்டா என்பார் பலர். அவர் கூற்றை எளிதிற் புறந்தள்ள முடியாது. படலையைச் சாத்திய மூதாட்டியின் பக்கத்தில் நியாயம் உண்டு. 1990களின் தொடக்கத்திலே தீவகத்தார் வீடும் கோயிலும் விட்டுப் பெயர்ந்தனர். என்னையொத்த வயதினர் அப்போது பாடசாலைச் சிறுவர். உடையைக் கண்டு ஓடப் பழகிய கால்கள் உடையைக் கண்டு நிற்கப் பழகுதற்கு நெடுங்காலஞ் செல்லும். அதனை அவசரப்படுத்துதல் அறமன்று. விரும்பாத மாணவனை அணியிற் சேர்த்தல் ஒருபோதுந் தகாது.

ஆயினும், சின்னங்களை முற்றாக விலக்குதலால் வாசிப்பு வளராது. விலக்கிய இடத்திலே வேறொரு சின்னம் வந்து புகும். அது நற்சின்னமோ தீச்சின்னமோ என்று அறியும் பயிற்சி இல்லாத இளைஞன் அதற்கு இரையாவான். சாரணர் இயக்கத்தின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1907 இல் பேடன் பவல் தொடங்கிய அவ்வியக்கம் 1912 இல் இலங்கைக்கு வந்தது. திசைகாட்டியின் வடமுனையைக் காட்டும் மூவிதழ் வடிவமே அதன் சின்னம். முன்னர்ப் படையில் ஒற்றறியும் வீரர்க்குரியதாயிருந்ததை, வழி தவறாமைக்கும் மூன்று உறுதிமொழிக்கும் உரியதாக அவர் மாற்றினார். படைச்சின்னம் பொருள்மாறி அமைதிச் சின்னமாதல் இயலும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இம்மாற்றத்தையும் தொல்காப்பியர் முன்னரே கண்டவர். வாகை என்பது வென்றவன் சூடும் பூ. அத்திணையை விரித்த ஆசிரியர், அரசர்க்கேயன்றி, ஓதுவோர்க்கும் நோற்போர்க்கும் அறிவர்க்கும் தத்தம் கூற்றை மிகுதிப்படுத்துதல் வாகையே என வகுத்தார். போர்க்களத்துப் பூ கல்விக்கழகத்துப் பூவும் ஆயிற்று. பிறரைக் கொல்லாது வெல்லும் வெற்றிக்கும் அதே பூவைச் சூட்டிய மரபு எம்முடையது. மாணவர் படையணி ஒன்று தமிழ்நிலத்தில் நிலைபெற வேண்டுமாயின், அது வாகையின் இப்பொருளைத் தழுவியே நிலைபெறல் வேண்டும்.

ஆகவே, மாணவர்க்கு எச்சின்னத்தை அளிப்பினும் மூன்று வினாக்களை முன்னிறுத்துதல் நன்று. அணிவோன் அதன் பொருளைத் தன் சொல்லிற் கூறவல்லனோ? உழைத்துப் பெற்று, வேண்டாதபோது கழற்றும் உரிமை அவனுக்கு உண்டோ? அச்சின்னத்தைக் காணும் பிறன் யாது எண்ணுவான் என்று அவன் எண்ணியதுண்டோ? முதலாவது அறிவைச் சார்ந்தது. இரண்டாவது உரிமையைச் சார்ந்தது. மூன்றாவது அருளைச் சார்ந்தது. பின்னையது இன்றி முன்னைய இரண்டும் நிரம்பா.

சேரர் படை சூடிய பனம்பூ எமது தீவகத்தில் ஆண்பனை தோறும் உண்டு. அதே பனையின் குற்றிகளைப் போர்க்காலத்திற் பதுங்குகுழிக்கு அடுக்கினோம். எறிகணையால் தலையிழந்து நின்ற பனைகளையும் கண்டோம். இன்று அவற்றின் அயலே வடலிகள் கருக்குமட்டை விரித்து எழுகின்றன. ஒரே மரம் படைக்குப் பூவும், அச்சத்துக்கு அரணும், வாழ்வுக்கு உணவும் ஆயிற்று. எப்பொருளைத் தெரிவது என்பது சூடுவோன் கையில் உள்ளது.

அம்மாணவன் மறுவாரம் என்னிடம் வந்து தன் சின்னத்தின் பொருளைக் கேட்டறிந்தான். பின்னர் அதனை அம்மம்மாவின் கையிற் கொடுத்தானாம். அவர் அதனைத் திருப்பிப் பார்த்து, “இதென்ன மோனை?” என்று கேட்டாராம். அவன் விளக்கினான். அவர் அச்சம் நீங்கியதென்று யாம் கூறோம். வினாவும் விடையும் நிகழ்ந்தன; அத்துணையே. கல்விக்கூடங்கள் செய்யத்தக்கதும் அதுவே. சின்னம் அணியும் ஒவ்வோர் இளைஞனும் அதனைப் பிறர்க்கு வாசித்துக்காட்ட வல்லவனாதல் வேண்டும் என்பதே எமது அவா.